சட்டத்துக்கு வெளியே ஒரு சாக்கு

“நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு தீமைச் செஞ்சிட்டு இருந்தோமுங்க” என்றான் வந்தவன்.

ஆண்டனிராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “தீமை செஞ்சா ஸ்டேஷனுக்குல்ல போகணும்? மாடி ஏறி இங்க எதுக்கு வந்தீக?”

வந்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தீம் என்றால் வெப்சைட்டுக்குப் போட்டுவிடுகிற சட்டை மாதிரி என்று பொறுமையாக விளக்கினான். கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கும், அளவெடுத்துத் தைத்தும் போடலாம். இவன் தைத்துக் கொடுக்கிறவன். பெயர் பழனிக்குமார், ஊர் ஒட்டன்சத்திரம். முப்பது வயதுக்குள் இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, மடியில் லேப்டாப் பை, வார்த்தைக்கு வார்த்தை ஒரு ‘ங்க’.

பக்ருன்னிசா மேஜைக்குப் பின்னாலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திண்டுக்கல் பேகம்பூரில், ஒரு தையல்கடைக்கு மேலேதான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். வருகிற வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. மீதி, காணாமல் போனவர்கள். அதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெண்ணைக் காணோம் என்று ஓர் ஆண் வந்து நின்றால் அவனைப் படியிறக்கி விட்டுவிடுவாள். ஓடினவள் எதற்கு ஓடினாள் என்று தெரியாமல் அவள் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். இது ஊருக்கே தெரிந்த விஷயம்.

ஆனால் பழனிக்குமார் கொண்டுவந்தது அந்த மாதிரிக் கதையாகத் தெரியவில்லை.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம். கோயம்புத்தூரில் ஒரு தேங்காயெண்ணெய்க் கம்பெனி தமிழிலேயே வெப்சைட் வேண்டுமென்று கேட்டிருந்தது. அதற்கான தீமை வினோலியா என்ற பெண் வரைந்தாள், பழனிக்குமார் கட்டினான். அவள் முழுப் பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஒரு படமாக வரைந்து அனுப்புவாள். எது எங்கே, என்ன நிறம், எவ்வளவு இடைவெளி, எல்லாம் அந்தப் படத்தில் இருக்கும். அதை இவன் துண்டு துண்டாக வெட்டி, கம்ப்யூட்டர் மொழியில் கோடு எழுதி, தொட்டால் திறக்கிற பக்கமாக்குவான்.

“அவங்க திண்டுக்கல்லுங்க. ரெண்டு வருசமாச் சேந்து வேலை பாக்கறோம். எல்லாம் மெயிலுதான். நேர்ல ஒருக்காக்கூடப் பாத்ததில்லீங்க. ஆனா அவங்க கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க.”

லேப்டாப்பைத் திறந்து காட்டினான். வினோலியாவின் படம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள்கள் மாதிரி இருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் பெயர் வைத்திருந்தாள். ஓரத்தில் மஞ்சள் கட்டம் போட்டு அவனுக்குக் குறிப்பு எழுதியிருந்தாள். மவுஸ் மேலே வந்தால் இந்த பட்டன் கொஞ்சம் கறுக்க வேண்டும், இந்த இடத்தை நெருக்காதீர்கள், மூச்சு விடட்டும், என்று.

பிறகு வேறொரு படத்தைத் திறந்தான். இந்த ஒரு மாதமாக அவள் பெயரில் வருகிறவை இவை. தாள்களுக்குப் பெயரில்லை. குறிப்பு ஒன்றுகூட இல்லை. இடைவெளிகள் கோணலாகக் கிடந்தன. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். மெயிலுக்கு மட்டும் ஒற்றை வரியில் பதில் வருகிறது.

“இது அவங்க செஞ்சதில்லீங்க. வேற யாரோ அவங்க பேர்ல அனுப்பறாங்க. அந்தப் புள்ளைய எங்கியோ அடைச்சு வெச்சிருக்காங்கன்னு எனக்குப் படுதுங்க.” சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆண்டனிராஜுக்கு மனசு இளகிவிட்டது. பக்ருன்னிசாவிடம் உதவியாளாகச் சேரும் முன் இரண்டு சக்கர வண்டிக் கடன் வசூலில் இருந்தவன் அவன். ஆனாலும் யாராவது அழுதால் தவணையை விட்டுவிட்டு வந்துவிடுவான். அதனால்தான் அந்த வேலை போயிற்று.

பக்ருன்னிசா இரண்டு படங்களையும் அச்செடுத்துத் தரச் சொன்னாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பழைய படத்தில் தமிழ் எழுத்துகள் குண்டு குண்டாக இருந்தன. புதியதில் மெல்லிசாக, நறுவிசாக இருந்தன. ஆள் மாறியதால் எழுத்தும் மாறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அவள் கண் போனது பழைய படத்தின் பின்னணிக்கு. தேங்காய் வெப்சைட் அல்லவா, எழுத்துக்குப் பின்னால் சணல் சாக்கின் இழைகள் மங்கலாகத் தெரிந்தன.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். வினோலியாவே போட்டோ எடுத்ததாக ஒரு முறை எழுதியிருந்தாள் என்றான் அவன்.

மாப்பிள்ளை வீட்டார் தருகிற போட்டோக்களில் பழகியவள் பக்ருன்னிசா. ஓரத்தில் வெட்டி எடுத்த இடத்தில்தான் விஷயமே இருக்கும். “போட்டோ இம்புட்டுத்தானா? சட்டத்துக்குள்ள அடங்காம மிச்சம் இருக்குமே, அது எங்க?”

பழனிக்குமார் ஒரு கணம் விழித்தான். “மிச்சமும் உள்ளதானுங்க இருக்கும். எனக்கு வேணுங்கற துண்ட மட்டும் வெட்டிக்குவேன். வெளிய என்ன இருக்குன்னு பாத்ததே இல்லீங்க.”

படத்தின் சட்டத்தைப் பெரிதாக்கினான். மறைந்திருந்த சாக்கு இடப்பக்கம் நீண்டுகொண்டே போனது. மடிப்புக்கு மேலே கறுப்பு மையில் அச்சுக்குத்திய எழுத்து: மூக்காயி தேங்காய் மண்டி, சேவுகம். அதற்குப் பிறகு சாக்கு மடங்கியிருந்தது.

“மிச்சம் ‘பட்டி’ மடிப்புக்குள்ள தூங்குது” என்றான் ஆண்டனிராஜ்.

பழனிக்குமார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் தெரிந்தது ஆறுதல் என்றுதான் பக்ருன்னிசா எடுத்துக்கொண்டாள். நீங்கள் ஊருக்குப் போங்கள், நான் நேரில் பார்த்து, பேசி, அப்புறம்தான் தகவல் சொல்வேன் என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலை ஆண்டனிராஜின் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். செம்பட்டி தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. வழியெல்லாம் ஆண்டனிராஜ் வாயை மூடவில்லை. முகமே பார்க்காமல் இரண்டு வருஷம் ஒரு பெண்ணோடு சண்டை இல்லாமல் வேலை பார்த்திருக்கிறான், எனக்கு என் வீட்டுக்காரி முகத்தைத் தினம் பார்ப்பதுதான் பிரச்சினை போலிருக்கிறது என்றான். பக்ருன்னிசா சிரித்தாலும் அவள் நினைப்பு வேறு இடத்தில் இருந்தது. அடைத்து வைத்தவர்கள் எதற்காக அவள் பெயரில் படம் வரைந்து அனுப்ப வேண்டும்? அதனால் அவர்களுக்கு என்ன லாபம்? கேள்வி உறுத்திக்கொண்டே வந்தது.

சேவுகம்பட்டியில் தேங்காய் மண்டியைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. தகரக் கொட்டகை, அதை ஒட்டி ஒரு மாடி வீடு, முன்னால் மலைபோல் மட்டை, நிலத்தில் நட்ட கடப்பாரை முனைகளில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஆட்கள். நடுவில் நின்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்த அம்மாள்தான் மூக்காயி. வினோலியா என்ற பெயரைக் கேட்டதுமே அவள் கண் சுருங்கிற்று.

“அப்புடி யாரும் இங்க இல்ல. வந்த வழியே போங்க.”

அம்புட்டு வேகமாக வந்த பதில் பொய்யென்று பக்ருன்னிசாவுக்குத் தெரிந்துவிட்டது. மண்டியின் மாடி ஜன்னலில் ஒரு துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது. தான் யார், சாக்கில் இருந்த எழுத்தை வைத்து எப்படி வந்தாள், எதற்கு வந்தாள் என்று நிதானமாகச் சொன்னாள். கஷ்டத்தில் இருந்தால் உதவத்தான் வந்தேன், பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். செத்த நேரம் அவளை மேலும் கீழும் பார்த்த மூக்காயி, ஆம்பளை கீழேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு அவளை மட்டும் மாடிக்குக் கூட்டிப்போனாள். ஆண்டனிராஜ் செல்போனில் சிக்னல் தேடிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தான்.

மாடியில் ஒரே அறை. கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். கழுத்தில் சின்னச் சிலுவை. வலது கை மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை மாவுக்கட்டு. கதவில் பூட்டில்லை. காவலும் இல்லை. இது அடைத்து வைத்த இடமில்லை, ஒளிந்திருக்கிற இடம் என்று உள்ளே கால் வைத்ததுமே பக்ருன்னிசாவுக்குப் புரிந்துபோயிற்று.

மூக்காயி, வினோலியாவின் இறந்துபோன அம்மாவுக்குச் சிநேகிதி. அந்த உரிமையில்தான் இந்தப் பெண் இங்கே வந்திருக்கிறாள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருப்பதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். கம்ப்யூட்டரைத் தொட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிறதாம்.

“அப்ப இத யாரு அனுப்புனது?” பக்ருன்னிசா அச்செடுத்த புதிய படத்தைக் கட்டிலில் விரித்தாள்.

வினோலியா இடது கையால் அதைத் தன் பக்கம் இழுத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு வெளுத்தது.

“அக்கா, இது வரைஞ்ச படமே இல்ல. எழுத்தைப் பாருங்க. நாங்க வரையிற சாஃப்ட்வேர்ல இந்த எழுத்தை அடிச்சா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு சிதறிப்போயிரும். அதனால டிசைன் பண்றவங்க பழைய குண்டு எழுத்துலதான் அடிப்போம். இந்த மெல்லிசு எழுத்து, கட்டி முடிச்ச பக்கத்தைத் திறந்தாத்தான் ஒழுங்கா வரும்.”

“அப்படின்னா?”

“பக்கத்தை மொதல்ல கட்டிட்டு, அதைப் போட்டோ பிடிச்சு, துண்டு துண்டா ஒட்டி, டிசைன் மாதிரி காட்டியிருக்காங்க. பக்கத்தைக் கட்டுறது ஒரே ஒரு ஆளுதான்.”

வீட்டைக் கட்டிவிட்டு அப்புறம் பிளான் வரைந்திருக்கிறான். கொத்தனாரேதான் இஞ்சினியர் வேஷமும் போட்டிருக்கிறான். பக்ருன்னிசா சுவரில் சாய்ந்துகொண்டாள். காணாமல் போன பெண்ணைத் தேடித் தரச் சொன்னால் இவள் முகத்தில் அடித்த மாதிரி மறுப்பாள் என்று பழனிக்குமாருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் இவளுக்குப் பிடித்த மாதிரி ஒரு கதையை வரைந்து கொண்டுவந்தான். அவன் வரைந்ததைக் கொஞ்சமும் பிசகாமல் இவள் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வாசலில் ஆண்டனிராஜ் பல்லெல்லாம் தெரிய நின்றான். மண்டி ஆட்களிடம் பேச்சுக்கொடுத்து அந்தப் பிள்ளை மாடியில் பத்திரமாக இருப்பதைத் தெரிந்துகொண்டானாம். பாவம், அந்த மனுஷன் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடப்பார் என்று நினைத்து, பழனிக்குமாருக்குப் போனில் சொல்லிவிட்டானாம். “ரொம்ப சந்தோசப்பட்டாருக்கா. கையில போட்ட கட்டைப் பிரிச்சாச்சான்னு கேட்டாரு.”

சொல்லி முடித்தபிறகுதான் அவன் வினோலியாவின் கையைப் பார்த்தான். அவன் பல் மறைந்தது.

நேரில் ஒருக்காக்கூடப் பார்த்ததில்லை என்றவனுக்குக் கையில் கட்டு இருப்பது எப்படித் தெரியும்?

“எங்க இருக்கானாம்?” பக்ருன்னிசாவின் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

“பக்கத்துலதான், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல. டீ குடிச்சிட்டு வந்துர்றேன்னாரு.” ஆண்டனிராஜ் கையிலிருந்த செல்போனைப் பார்த்தான். “அவரு ஒட்டன்சத்திரத்துலதான இருக்கணும்?”

வினோலியா எழுந்து பின்ஜன்னல் பக்கம் போனாள். கீழே குதிக்கலாமா என்று பார்க்கிற மாதிரி நின்றாள். மூக்காயி அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். விட்டு விட்டு வந்த வார்த்தைகளில் மீதிக் கதை தெரிந்தது. ஒட்டன்சத்திரத்தில் அவன் ஆபீஸில் இரண்டு வருஷமும் எதிரெதிர் மேஜையில்தான் வேலை பார்த்தார்கள். நல்லவனாகத்தான் இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றான், மாட்டேன் என்றாள். அன்றிலிருந்து அவளுடைய மெயிலை அவன் திறந்து படித்தான். அவளைப் பெண்பார்த்துவிட்டுப் போன வீட்டுக்கு அவள் பெயரிலேயே ஒரு மெயில் அனுப்பினான். சம்பந்தம் முறிந்தது. வேலையை விடுகிறேன் என்று சொல்லி மேஜை டிராயரிலிருந்து தன் சாமான்களை எடுத்தபோது, கை உள்ளே இருக்கும்போதே டிராயரை உதைத்துச் சாத்தினான்.

போலீசுக்குப் போகவில்லையா என்று பக்ருன்னிசா கேட்கவில்லை. வினோலியாவே சொன்னாள். தங்கையின் கல்யாணத்தைச் சொல்லி அப்பா தடுப்பார். அதைவிட, சேர்ந்து செய்த வெப்சைட்டுகளின் பாஸ்வேர்டெல்லாம் அவனிடம் இருக்கிறது. புகார் கொடுத்தால் உன் முகத்தை ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுவேன் என்று சொல்லியிருக்கிறான். தவிர, சாட்சி யார்? கால் இடறி விழுந்தாள் என்பான்.

பக்ருன்னிசா புதிய படத்தை மடித்து அவள் கையில் கொடுத்தாள். “சாட்சிய அவனே கொண்டாந்து என் மேஜையில வச்சிட்டான். உன் கை மாவுக்கட்டுல இருந்த நாள்ல உன் மெயில்லருந்து உன் பேர்ல இது போயிருக்கு. எக்ஸ்ரே எங்க எடுத்த?”

உறையோடு கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஆஸ்பத்திரி முத்திரையில் தேதியும் இருந்தது.

“புகாரை நீதாம்மா எழுதணும். நான் எழுதினா நிக்காது. வேணாம்னா பின்வழியா உன்னை வேற எங்கயாவது கொண்டுபோய் விடுறேன். எதுன்னு சொல்லு.”

வினோலியா மூக்காயியைப் பார்த்தாள். பிறகு தன் கட்டைப் பார்த்தாள். ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றாள். மூக்காயியும் ஆண்டனிராஜும் அவளைத் தேங்காய் ஏற்றுகிற வேனில் பின்பாதை வழியாகக் கூட்டிப்போனார்கள். ஆண்டனிராஜ் போகும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தான். பக்ருன்னிசா போ என்று கையைக் காட்டினாள்.

பழனிக்குமார் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தான். கைகூப்பினான். “எங்கீங்க மேடம் அவங்க?”

குளித்துக்கொண்டிருக்கிறாள், உட்காருங்கள் என்றாள் பக்ருன்னிசா. தேங்காய் மூட்டைமேல் பவ்வியமாக உட்கார்ந்தான். ஓர் ஆள் இளநீர் வெட்டிக்கொடுத்தான். நேரத்தை ஓட்ட வேண்டுமே, உங்கள் வேலையைப் பற்றி இன்னொரு தடவை சொல்லுங்களேன் என்று ஆரம்பித்தாள். அவன் சந்தோஷமாகச் சொன்னான். வரைகிறவரும் கட்டுகிறவரும் ஒரு மனசாக இருக்க வேண்டும், ஒருத்தர் விட்டுவிட்டுப் போனால் இன்னொருத்தர் செய்தது அத்தனையும் பாழ், என்றான். கண் மட்டும் மாடிப்படியை விட்டு நகரவில்லை.

உரிக்கிற கடப்பாரையில் மட்டை கிழிகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. கதை தீர்ந்தது. அவன் எழுந்தான். மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று படியில் கால் வைத்தான். வேறு வழியில்லாமல் பக்ருன்னிசா கேட்டாள்.

“புதுப் படத்துல அந்த மெல்லிசு எழுத்தை எப்படி அடிச்சீங்க தம்பி? வரையிற சாஃப்ட்வேர்ல அது சிதறிப்போகுமாமே?”

அவன் திரும்பினான்.

“அவ சொன்னாளா?”

‘அவங்க’ போய்விட்டது. ‘ங்க’வும் போய்விட்டது. அந்த இரண்டெழுத்து உதிர்ந்ததும் எதிரே வேறு ஓர் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. பக்ருன்னிசா இத்தனை வருஷ விசாரணையில் பயந்தது அபூர்வம். இப்போது பயந்தாள்.

“கைய நான் ஒடிக்கல. டிராயரத்தான் சாத்துனேன். அவ கைய எடுத்திருக்கணும்.”

தேங்காய் உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது. கொட்டகையில் இருந்த ஆட்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள். ஒருவர் மெதுவாக எழுந்து மாடிப்படிக்கு முன்னால் வந்து நின்றார். அவரைத் தொடர்ந்து இன்னும் இருவர். பழனிக்குமார் ஆப்பிள் பையைக் கீழே வைத்தான், மறுபடி எடுத்தான்.

ரோட்டில் ஜீப் நின்றது. காக்கிச்சட்டையைக் கண்டதும் அவன் முகம் பழையபடி ஆயிற்று. “வாங்க சார், என்னங்க விசயம்?” என்று சிரித்துக்கொண்டே போனான். ஏறும்போதுகூடச் செருப்பை ஓரமாகத் தட்டிவிட்டு ஏறினான்.

ஜீப் போனபின் பக்ருன்னிசா அதே மூட்டையில் உட்கார்ந்தாள். வக்கீல் வைப்பான். சீக்கிரமே வெளியே வந்தாலும் வருவான். அந்த முகத்தைப் பார்த்தால் எந்த மேஜிஸ்திரேட்டுக்கும் இரக்கம் வரும். தனக்கு வந்ததே.

வேன் திரும்பி வந்தது. ஆண்டனிராஜ் இறங்கி, அக்கா, வினோலியா இடது கையாலேயே கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டாள், ஸ்டேஷன் ரைட்டர் காத்திருந்து வாங்கிக்கொண்டார், என்றான். பிறகு, தான் வேலையை விட்டு நின்றுகொள்ளவா என்று கேட்டான். பக்ருன்னிசா வேண்டாம் என்று கையசைத்தாள். சாக்கின் மிச்சத்தைக் கேட்டது அவள்தானே.

வினோலியா வந்து அவள் எதிரே நின்றாள். அழுது முடித்த முகம்.

“ஒரு சாக்குல இருந்த நாலு எழுத்தை வச்சு என்னையக் கண்டுபிடிச்சிட்டீங்கக்கா. நான் இன்னொரு ஊருக்குப் போனா, இன்னொருத்தர் இதே மாதிரி கண்டுபிடிக்க முடியுமா?”

முடியாது என்று சொல்லிவிடத்தான் பக்ருன்னிசாவுக்கு வாய் வந்தது. அந்தப் பெண் ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்குவாள்.

“முடியும்” என்றாள்.

வினோலியா தலையாட்டினாள். மாவுக்கட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

“அப்ப ஒளிஞ்சு பிரயோசனமில்ல. நான் வீட்டுக்கே போறேன். அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க பக்கத்துல மட்டும் நில்லுங்க.”

“வாரேன்” என்று பக்ருன்னிசா எழுந்தாள்.